வெள்ளச்சி விற்ற வார்த்தை

ஒரு காடு. காட்டுக்கு நடுவில் ஒரு குளம். குளத்தங்கரையில் எருமைகள் மேய்ந்தன. எருமைகளின் முதுகில் உண்ணிக்கொக்குகள் உட்கார்ந்து உண்ணி பொறுக்கின.

அந்தக் கொக்குகளில் ஒருத்தி வெள்ளச்சி. வேலையில் கெட்டிக்காரி. முதுகில் தொடங்குவாள், கழுத்துக்கு வருவாள், கடைசியில் காதுக்கு வருவாள். காது மடலுக்குள் இருக்கிற உண்ணிதான் கொழுத்தது. அதை எடுக்கும்போது அலகு கொஞ்சம் தவறினாலும் காது கிழிந்துவிடும். அதனால் எருமை மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கும். கொக்கு மெதுவாக எடுக்கும். மெதுவாகச் செய்கிற வேலையில் பேச்சு வரும். எந்தத் தொழிலிலும் அப்படித்தான்.

அதை வைத்து அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. முதுகில் நின்று சொன்னால் அது ஊர்ப் பேச்சு. பாதியை நம்பினால் போதும். காதருகில் நின்று சொன்னால் அது வீட்டுப் பேச்சு. அதை யாரும் சந்தேகப்படுவதில்லை. காதையே ஒப்படைத்துவிட்டு நிற்கும்போது வார்த்தையை மட்டும் எப்படிச் சந்தேகப்படுவது?

வெள்ளச்சி எருமைகளுக்கு மட்டும் பொறுக்கவில்லை. கடமானுக்குப் பொறுக்கினாள். புள்ளிமானுக்குப் பொறுக்கினாள். முயல் காதை மடக்கிக்கொண்டு வந்து நின்றால் அதற்கும் பொறுக்கினாள். எந்தப் பக்கம் புல் துளிர்த்திருக்கிறது, எந்தப் பாதையில் புலி நடமாட்டம் என்று பறக்கிறபோது பார்த்ததை எல்லாரிடமும் சொன்னாள். சொன்னது எதுவும் தப்பியதில்லை.

எல்லாரிலும் அவளுக்கு வேண்டியவள் வட்டக்கொம்பி. கொம்பு இரண்டும் வளைந்து வட்டமாக நிற்கும் பெரிய எருமை. அந்த வருஷம்தான் கன்று போட்டிருந்தாள். இதற்கு முன் போட்ட இரண்டும் தங்கவில்லை. இது மூன்றாவது. கன்று பால் குடிக்கும்போது வட்டக்கொம்பி வாலைக்கூட அசைக்கமாட்டாள். ஈ கடித்தாலும் பொறுத்துக்கொள்வாள்.

அந்தக் கோடை கடுமையாக இருந்தது. புல் காய்ந்தது. வெட்டுக்கிளி போன இடம் தெரியவில்லை. குளம் பாதியாகச் சுருங்கியது. உண்ணி மட்டும் பெருகியது. உண்ணி பெருகினால் கொக்குக்குக் கொண்டாட்டம்தானே என்று கேட்கலாம். மூன்று வேளையும் அதையே தின்றுபார்த்தால் தெரியும்.

குளத்துக்கு மேற்கே செம்மண் மேடு. அங்கே ஒரு காட்டுப்பன்றி இருந்தான். கோரையன் என்று பேர். அவன் மேட்டடியில் ஒரு குழி தோண்டினான். அடியில் ஊற்றுக் கண்டது. செம்மண்ணைக் குழைத்தான். மேட்டிலிருந்து வேப்பிலையை வாயில் கவ்விவந்து போட்டு மிதித்தான். இந்தச் சேற்றில் புரண்டு வெயிலில் காய்ந்தால், சேறு உதிரும்போது உண்ணியும் சேர்ந்து உதிரும் என்று காடு முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தான். வருகிறவர்கள் சும்மா வரக்கூடாது. மான் விளாம்பழம் உருட்டிவர வேண்டும். முயல் கோரைக்கிழங்கு கொண்டுவர வேண்டும். எருமை குளத்திலிருந்து அல்லிக்கிழங்கு பிடுங்கிவர வேண்டும்.

ஒருவரும் போகவில்லை. தன் குழியைத் தானே புகழ்கிறான், புகழாமல் என்ன செய்வான் என்று இருந்துவிட்டார்கள்.

கோரையன் வெள்ளச்சியைத் தேடி வந்தான். முதலில் குழியைப் பார்க்கச் சொன்னான். ஒரு பன்றிக்குட்டியைப் புரளவிட்டு, காயவைத்து, அவள் முன்னால் நிறுத்தினான். வெள்ளச்சி மயிரை விலக்கிப் பார்த்தாள். உண்ணிகள் செத்து ஒட்டிக்கொண்டிருந்தன. பாதிக்கு மேல் உதிர்ந்தே போயிருந்தன.

"நல்லாத்தான் இருக்கு அண்ணே" என்றாள்.

"இதையே போற இடத்துல சொல்லு தங்கச்சி."

"உண்ணி போயிட்டா என் பொழப்பு என்னாகிறது?"

"அதுக்குத்தான் உன்னைக் கேக்குறேன்" என்றான் கோரையன்.

அவன் விவரமாகச் சொன்னான். உண்ணி தின்கிறவளே உண்ணி போகிற இடத்தைச் சொன்னால், தன் வயிற்றில் தானே அடித்துக்கொண்டு சொல்கிறாள், அப்படியானால் உண்மைதான் என்று காடே நம்பும். வேறு யார் சொன்னாலும் அந்த எடுப்பு வராது. சும்மா சொல்ல வேண்டாம். தினமும் காலையில் அவளுக்காக ஈரமண்ணைக் கிளறித் தருவான்.

சொல்லிவிட்டு அங்கேயே மூக்கை வைத்து ஒரு முட்டு முட்டினான். மண் பிளந்தது. உள்ளே மண்புழு, வெள்ளைப் புழு, கோடைக்குப் பதுங்கியிருந்த கொழுத்த தவளை ஒன்று. வெள்ளச்சி அப்படியொரு தவளையைப் பார்த்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. விழுங்கிவிட்டாள்.

குஞ்சுகளுக்காகச் செய்தாள் என்று சொல்லவும் வழியில்லை. அந்த வருஷம் அவள் கூடே கட்டவில்லை.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்க" என்றான் கோரையன். "நான் சொல்லச் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாதே."

"சொன்னா என்ன?"

"சொன்னா அது வியாபாரம். சொல்லாட்டி நல்ல சேதி."

வெள்ளச்சி யோசித்தாள். குழி நல்ல குழி. சேதி உண்மையான சேதி. யார் சொல்லச் சொன்னால் என்ன? அந்த நினைப்பு அவளுக்கு வசதியாக இருந்தது. அதனால் அதற்குமேல் யோசிக்கவில்லை.

மறுநாளே தொடங்கினாள். எடுத்ததும் குழியைப் பற்றிப் பேசவில்லை. அவ்வளவு மடச்சி இல்லை அவள். கடமானின் காதருகே நின்று முதலில் வெயிலைப் பற்றிப் பேசினாள். பிறகு குட்டிகளின் நலம் விசாரித்தாள். ஒரு பெரிய உண்ணியை எடுத்துக் காட்டி, பாவம், இவ்வளவு பெருத்துப்போச்சே என்றாள். மேற்கே ஒரு பன்றிக்குட்டியைப் பார்த்தேன், தோல் பளபளவென்று இருந்தது, ஏன் என்றுதான் தெரியவில்லை என்று இழுத்தாள். அவ்வளவுதான். கடமானே கேட்டது. அவள் தெரிந்ததைச் சொல்வதுபோல் சொன்னாள்.

கடமான் போனது. பலன் கண்டது. புள்ளிமான்கள் போயின. முயல்கள் போயின. எருமைகள் வாயில் அல்லிக்கிழங்கைக் கவ்விக்கொண்டு வரிசையாகப் போயின. கோரையன் கிழங்கும் பழமுமாகக் குவித்துப் படுத்தான். காலையில் மண்ணைக் கிளறினான். வெள்ளச்சி வயிறு நிறையத் தின்றாள்.

எல்லாரும் அவளைப் புகழ்ந்தார்கள். அதுதான் முதலில் உறுத்தியது. தன் சாப்பாட்டைக்கூடப் பார்க்காமல் நமக்கு நல்லது சொன்னாளே என்று முயல் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது. ஒருநாள் அது எங்கேயோ தேடி ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்து வந்து அவள் முன்னால் வைத்தது. அந்தக் கோடையில் வெட்டுக்கிளி பிடிக்க ஒரு முயல் எவ்வளவு ஓடியிருக்க வேண்டும்! வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்கும். வெள்ளச்சி தின்றாள்.

காக்கை ஒன்று இருந்தது. அதுவும் அவ்வப்போது உண்ணி பொறுக்கும், வாயும் பொறுக்காது. அது எல்லார் முன்னாலும் கேட்டது.

"ஊரே எலும்பாக் கிடக்கு. நீ மட்டும் உருண்டு வர்றியே அக்கா? நான் தின்னுற உண்ணியில இந்தச் சத்து இல்லையே."

எருமைகள் சிரித்தன. அவளைப் பார்த்து அல்ல, காக்கையைப் பார்த்து. காக்கை பேச்சை யார் மதிப்பது? பொறாமை என்றார்கள். வெள்ளச்சியும் சேர்ந்து சிரித்தாள். சிரிப்பு சரியாக வரவில்லை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

நாள் போகப் போகக் கோரையனுக்குச் சோம்பல் வந்தது. மேட்டுக்குப் போய் வேப்பிலை கொண்டுவருவதை நிறுத்தினான். ஊற்றும் வற்றியது. புதுத் தண்ணீர் இல்லை. ஐம்பது உடம்பு புரண்ட சேற்றிலேயே ஐம்பத்தோராவது உடம்பு புரண்டது. குழி நாறத் தொடங்கியது.

ஒருநாள் காலை கோரையன் மரத்தில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு நிற்பதை வெள்ளச்சி பார்த்தாள். அடிவயிற்றில் உள்ளங்கை அகலத்துக்கு மயிர் உதிர்ந்திருந்தது. தோல் தடித்து, வெள்ளைப் பொருக்குக் கட்டியிருந்தது.

"என்ன அண்ணே அது?"

"கொசுக்கடி."

கொசுக்கடி இல்லை. சொறி. நாள் முழுக்கத் தோலைப் பார்த்துப் பிழைக்கிறவளுக்கு அது தெரியாமல் போகுமா? ஒரு உடம்பில் வந்தால் உரசுகிற உடம்புக்கெல்லாம் போகும் என்பதும் தெரியும். அதைச் சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் கோரையன் மண்ணை முட்டினான். இரண்டு தவளைகள் வந்தன. திறந்த வாய் தவளைக்குப் பயன்பட்டது.

அன்று முதல் அவள் அவன் வயிற்றுப் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

அன்றைக்கு மத்தியானமே வட்டக்கொம்பி கூப்பிட்டாள். நிழலில் நின்றாள். கன்று காலடியில் படுத்திருந்தது. அதன் காதுக்குள் ஏழெட்டு உண்ணிகள். பிஞ்சுக் காது. வெள்ளச்சி ஒவ்வொன்றாக எடுத்தாள். பிறகு தாயின் காதுக்கு வந்தாள்.

வட்டக்கொம்பி அதுவரை குழிக்குப் போகவில்லை. கன்றை விட்டுவிட்டுப் போக மனசில்லை. கூட்டிக்கொண்டு போகவும் தயக்கம். அதைத்தான் கேட்டாள்.

"கன்னைக் கூட்டிட்டுப் போகலாமாடி? பிஞ்சுத் தோலு. எல்லாரும் புரண்ட சேறு. எனக்கு என்னமோ யோசனையா இருக்கு. நீ சொல்லு. நீ போகலாம்னா போறேன், வேண்டாம்னா விட்டுடுறேன்."

காலையில் விழுங்கிய தவளை இன்னும் வயிற்றில் கனத்தது. வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்பாள். காரணம் சொன்னால் கடமானுக்குத் தெரியும், மானுக்குத் தெரியும், குழி மூடும், காலைச் சாப்பாடு போகும். இதெல்லாம் ஒரு உண்ணியை எடுக்கிற நேரத்துக்குள் அவள் மனதில் ஓடியது. ஒரே ஒரு தடவை புரண்டால் என்ன ஆகிவிடும் என்றும் ஓடியது.

"போகலாம் அக்கா" என்றாள்.

காதருகே நின்று சொன்னாள்.

வட்டக்கொம்பி இரண்டு வாய் அல்லிக்கிழங்கு கொண்டுபோனாள். ஒன்று தனக்கு. ஒன்று கன்றுக்கு.

பத்து நாளில் கன்றின் தொடையிடுக்கில் மயிர் உதிர்ந்தது. பிறகு கழுத்து. பிறகு கண்ணைச் சுற்றி. கன்று மரத்தில் தேய்த்தது. தேய்த்த இடம் புண்ணானது. புண்ணில் ஈ மொய்த்தது. அரிப்பில் நின்று பால் குடிக்க முடியவில்லை. இரண்டு இழுப்பு இழுக்கும், விட்டுவிட்டுச் சொறியப் போகும். விலா எலும்பு தெரியத் தொடங்கியது.

வெள்ளச்சி அந்தப் பக்கம் போவதைக் குறைத்தாள். வேறு எருமைகளுக்கு வேலை இருக்கிறது என்றாள். ஆனால் கன்று கத்துகிற சத்தம் குளம் முழுவதும் கேட்டது. குளத்தைவிட்டு எங்கே போவது?

கடைசியில் ஒருநாள் வட்டக்கொம்பி அவளைப் பார்த்துவிட்டாள். திட்டப்போகிறாள் என்று வெள்ளச்சி நினைத்தாள். திட்டியிருந்தால் பரவாயில்லை. வட்டக்கொம்பி தன்னையே நொந்துகொண்டாள். நீ எல்லாருக்கும் சொன்ன அன்றைக்கே கூட்டிப்போயிருந்தால் கன்றுக்கு இந்தக் கதி வந்திருக்காது, நான்தான் யோசித்து யோசித்துத் தாமதம் பண்ணிவிட்டேன் என்றாள். ஒரு தடவை புரண்டது போதவில்லைபோல, அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் குழிக்குக் கூட்டிப்போகிறேன் என்றாள்.

வெள்ளச்சி கன்றைப் பார்த்தாள். இவள் தன் வார்த்தையை நம்பி, அந்தக் கன்றைத் திரும்பத் திரும்ப அதே சேற்றில் கொண்டுபோய் முக்கிக்கொண்டிருக்கிறாள். இன்னும் பத்து நாள் முக்கினால் கன்று இராது.

நேராகக் கோரையனிடம் பறந்தாள். குழியை மூடு என்றாள். அவன் படுத்தபடியே கிழங்கு மென்றான். நான் யாரையும் கையைப் பிடித்து இழுத்து வரவில்லையே என்றான். அவள் விடவில்லை. கன்று சாகக் கிடக்கிறது, நீ விற்றது சொறியை என்று கத்தினாள்.

கோரையன் அப்போதுதான் தலையைத் தூக்கினான்.

"நான் என் குழியை வித்தேன். அது நான் தோண்டினது. நல்லதோ கெட்டதோ, பன்றி குழி விக்குதுன்னு எல்லாருக்கும் தெரியும். யோசிச்சுத்தான் வருவாங்க. நீ வித்தியே, அந்த எருமை உன்மேல வச்ச நம்பிக்கை, அது யாரோடது? உன்னோடதா?"

ஒரு பன்றி, அதுவும் அந்தப் பன்றி, தன்னைக் கேட்கிற கேள்வியா இது என்று வெள்ளச்சியால் கோபப்படக்கூட முடியவில்லை. கேள்வி சரியாக இருந்தது.

"சாப்பிடுறியா?" என்று அவன் மண்ணை முட்டினான். தவளை ஒன்று வெளியே வந்து, அவள் முன்னாலேயே குதித்துப் போயிற்று. அவள் திரும்பிப் பறந்தாள்.

வட்டக்கொம்பி அப்போதுதான் வாயில் கிழங்குடன் கன்றை நடத்திக்கொண்டு கிளம்பியிருந்தாள். வெள்ளச்சி முதுகில் உட்காரவில்லை. எதிரே தரையில் இறங்கி நின்றாள்.

"அக்கா, அங்க போகாதே."

வட்டக்கொம்பி கிழங்கைக் கீழே போட்டாள். "ஏன்? நீதானே சொன்னே?"

"அது சொறி. கோரையன் வயித்துல இருந்து சேத்துக்கு வந்தது. எனக்கு முன்னாடியே தெரியும்."

"முன்னாடின்னா எப்போ?"

"நீ என்கிட்ட கேட்டியே. அன்னைக்கு."

"தெரிஞ்சா போகலாம்னு சொன்னே?"

"ஆமா."

"ஏன்?"

இந்த ஒரு வார்த்தைக்குத்தான் வெள்ளச்சி இத்தனை நாள் பயந்திருந்தாள். இப்போது சொல்லாமல் இருக்க வழியில்லை.

"தினமும் காலையில எனக்கு மண்ணு கிளறித் தர்றான். தவளை வரும்."

சொல்லி முடித்ததும் அது எவ்வளவு அற்பமாகக் கேட்டது என்று அவளுக்கே தெரிந்தது. தவளை. இத்தனையும் தவளைக்காக. புலிக்குப் பயந்து சொன்னேன் என்றாலாவது ஒரு மரியாதை இருந்திருக்கும்.

முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். குழி அப்போது நல்ல குழிதான், வேப்பிலை போட்டிருந்தான், உண்ணி உண்மையிலேயே உதிர்ந்தது, அப்போது நான் பொய் சொல்லவில்லை அக்கா என்றாள். அந்த ஒன்றையாவது பிடித்துக்கொள்ளலாம் என்று பார்த்தாள்.

வட்டக்கொம்பி கன்றைத் திரும்பிப் பார்த்தாள். கன்று அவள் காலில் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு நின்றது.

"குழி நல்ல குழியா இருக்கட்டும், கெட்ட குழியா இருக்கட்டும்" என்றாள் பிறகு. "கூலி வாங்கிட்டுச் சொல்றேன்னு நீ சொல்லியிருந்தா, கன்னைக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி நான் இன்னொரு தடவ யோசிச்சிருப்பேன். எனக்குத்தான் அன்னைக்கே மனசு தயங்குச்சே. அந்த ஒரு யோசனையை நீ தின்னுட்டே."

வட்டக்கொம்பி கன்றைக் குழிப் பாதையிலிருந்து திருப்பி நிறுத்தினாள்.

"யார் யார் காதுல சொன்னே?"

சொன்னாள். பெரிய பட்டியல்.

"என்கிட்ட சொன்னது போதாது. அத்தனை பேர் காதுலயும் போய் இதையும் சொல்லு. மரத்து மேல நின்னு ஒரே கத்தாக் கத்திட்டுப் போகலாம்னு பாக்காதே. ஒவ்வொரு காதாப் போ."

போனாள். முயலிடம் முதலில் போனாள். முயலுக்குப் புரியவே நேரம் ஆயிற்று. புரிந்ததும் அது கேட்டது தன் காதிலும் தொற்றியிருந்த சொறியைப் பற்றி அல்ல. நான் கொண்டுவந்து தந்த வெட்டுக்கிளியை எந்த முகத்தோடு தின்றாய் என்று கேட்டது. புள்ளிமான்கள் காதை உதறிக்கொண்டு நகர்ந்தன. காக்கை மரத்திலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. ஏதாவது சொல்லும் என்று பார்த்தாள். அது ஒன்றும் சொல்லாமல் வேறு கிளைக்கு மாறி உட்கார்ந்தது. கேலி செய்திருந்தால் தேவலை.

கடமானிடம் போனதுதான் எல்லாவற்றிலும் மோசம். அது கோபப்படவில்லை. உட்கார்ந்து யோசித்தது.

"போன வருஷம் தெற்கே தீ வருது, வடக்கே ஓடுன்னு சொன்னியே" என்றது. "அதுக்கு உனக்கு யார் என்ன கொடுத்தாங்க?"

"யாரும் ஒண்ணும் கொடுக்கல. நிஜமாவே தீ வந்துச்சு. நீயே பார்த்தியே."

"பார்த்தேன். இருந்தாலும் கேக்கத் தோணுது இல்ல?"

அந்தத் தீயில் கடமானின் குடும்பத்தைக் காப்பாற்றியவள் வெள்ளச்சி. புகைக்குள் பறந்து, இறகு பொசுங்கி வந்து சொன்னாள். அவள் வாழ்நாளில் செய்ததிலேயே பெரிய நல்ல காரியம் அதுதான். இப்போது அதன்மேலும் சேறு விழுந்துவிட்டது. வீசியவள் அவளே.

குழிக்கு யாரும் போகவில்லை. கோரையன் கொஞ்ச நாள் உறுமிப் பார்த்தான். பிறகு இன்னொரு காட்டுக்குப் போய்விட்டான். அங்கே எந்தக் கொக்கைப் பிடித்தானோ தெரியாது. வட்டக்கொம்பி கன்றை வேப்பமரத்தடியிலேயே வைத்துக்கொண்டாள். உதிர்ந்த இலையிலும் கொட்டையிலும் புரளவைத்தாள். வெயிலில் காயவிட்டாள். நக்கி நக்கிப் புண்ணை ஆற்றினாள். கன்று பிழைத்தது. ஆனால் தேறவில்லை. மற்றக் கன்றுகள் துள்ளும்போது இது நின்று பார்க்கும். கொஞ்சம் நடந்தால் மூச்சு வாங்கும்.

வெள்ளச்சி திரும்பவும் உண்ணி பொறுக்க வந்தாள். வட்டக்கொம்பி துரத்தவில்லை. ஏறி உட்கார விட்டாள். காதையும் கொடுத்தாள். பேச்சு மட்டும் இல்லை. வெள்ளச்சியும் பேசவில்லை. என்ன பேசுவது?

மழை தள்ளிப்போயிற்று. குளம் அடியோடு வற்றும் நிலைக்கு வந்தது. எருமைகள் இடம் மாற வேண்டும். எங்கே போவது என்று தெரியவில்லை. முன்பெல்லாம் இது பெரிய காரியமே இல்லை. வெள்ளச்சி பறந்து பார்த்துவந்து சொல்வாள். கூட்டம் கிளம்பிவிடும்.

வெள்ளச்சி யாரும் கேட்காமலே பறந்தாள். இரண்டு நாள் அலைந்தாள். வடக்கே, அரைநாள் நடையில், பாறைகளுக்கு நடுவே ஒரு மடு. தண்ணீர் நிறைந்து கிடந்தது. சுற்றிலும் பச்சைப் புல். திரும்பிவந்து வட்டக்கொம்பியிடம் சொன்னாள்.

"வடக்கே மடுவுல தண்ணி இருக்கு அக்கா. நிறைய இருக்கு. கன்னு நடந்து போயிடலாம், வழி நல்ல வழி."

சொல்லிவிட்டு இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டாள். "எனக்கு இதுல ஒண்ணும் கிடையாது."

சொன்ன உடனே ஏன் சொன்னோம் என்று இருந்தது. இதற்குமுன் அவள் எந்தச் சேதிக்கும் இப்படி ஒரு வால் ஒட்டவேண்டி வந்ததில்லை.

வட்டக்கொம்பி கேட்டுக்கொண்டாள். சரி என்றாள். கன்றை இன்னொரு எருமையிடம் விட்டாள். தனியாக வடக்கு நோக்கி நடந்தாள்.

பார்த்துவரப் போகிறாள்.

வெள்ளச்சி அவள் முதுகில் உட்கார்ந்து போனாள். வெயில் கொளுத்தியது. தண்ணீர் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். கண்ணால் பார்த்தவள். அவளைச் சுமந்துகொண்டு நடக்கிறவளுக்குத் தெரியாது. சத்தியம் செய்யலாமா என்று யோசித்தாள். எதன்மேல் செய்வது?

மடுவில் தண்ணீர் இருந்தது. சொன்னபடி நிறைய இருந்தது. புல்லும் இருந்தது. வட்டக்கொம்பி இறங்கிக் குடித்தாள். தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தாள். வெள்ளச்சி, சொன்னேனே அக்கா என்று சொல்லவில்லை. திரும்பி நடந்தார்கள்.

குளத்துக்கு வந்து, கன்றைக் கூட்டிக்கொண்டு, வட்டக்கொம்பி மூன்றாவது தடவையாக அதே வழியில் நடந்தாள். கூட்டம் பின்னால் வந்தது. ஒரு நடையில் முடிய வேண்டியது மூன்று நடை ஆயிற்று. வழியில் அவள் குளம்பு வெடித்து இரத்தம் கசிந்தது. கன்று அடிக்கடி நின்றது. நிற்கும்போதெல்லாம் அவளும் நின்றாள்.

அப்படி நின்ற ஒரு தடவை, வட்டக்கொம்பி பேசினாள். கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னாள்.

"நீ ஒரு வார்த்தை சொன்னா எனக்கு ஒரு நாள் மிச்சம்டி வெள்ளச்சி. அப்படித்தான் இருந்துச்சு. இனிமே எல்லாத்தையும் நானே நடந்துபோய்ப் பாக்கணும்."

வெள்ளச்சி முதுகைவிட்டு இறங்கினாள். மிச்ச வழி முழுவதும், பறக்காமல், கன்றுக்குப் பின்னால் தரையில் நடந்தே போனாள்.

நம்புகிறவரிடம் கூலியை மறைத்துச் சொல்லும் நல்வார்த்தை, உண்மையாகவே இருந்தாலும், நம்பிக்கைத் துரோகம்தான்.